இரண்டாவது முறை புற்றுநோய்: மனசும் சிகிச்சை முடிவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருமுறை ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்து, செக்கப்புக்கு மட்டும் போய்வந்துகொண்டிருந்த ஒருவருக்கு மறுபடியும் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வருகிறது. அவரும் வீட்டாரும் அதிகம் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தமிழ்நாட்டில் சிகிச்சை எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். உங்கள் டாக்டரிடம் தெளிவாகப் பேசுவதற்கு இது துணை. அவர் சொல்வதற்கு மாற்று அல்ல.

பழைய நோய் திரும்பியதா, புது நோயா? எதுவானால் என்ன, கேன்சர் கேன்சர்தானே?

அப்படி இல்லை. முதலில் தெளிவாக வேண்டிய விஷயமே இதுதான். மூன்று விதமாக இருக்கலாம். பழைய இடத்திலேயே அல்லது பக்கத்து நெறிக்கட்டியில் அதே நோய் திரும்புவது ஒன்று. அதே நோய் எலும்பு, கல்லீரல், நுரையீரல் என்று வேறு உறுப்புக்குப் போய் உட்காருவது இன்னொன்று. பழையதற்குச் சம்பந்தமே இல்லாமல் புதிதாக வேறொரு புற்றுநோய் வருவது மூன்றாவது. மார்பகப் புற்றுநோய் குணமானவருக்கு நுரையீரலில் ஒரு முடிச்சு தெரிந்தால், அது மார்பகத்திலிருந்து போனதாகவும் இருக்கலாம், நுரையீரலிலேயே புதிதாக முளைத்ததாகவும் இருக்கலாம். முதலாவதற்கு உடல் முழுக்கப் போகும் மருந்து தேவை. இரண்டாவது சிறியதாக இருந்தால் ஆபரேஷனிலேயே முழுசாகக் குணமாக வாய்ப்புண்டு.

பெட் ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. முடிந்த இடத்தில் எல்லாம் மறுபடி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். "போன தடவையே எடுத்தாச்சே, இன்னொரு ஊசி எதுக்கு" என்று நினைக்காதீர்கள். அதே நோய் திரும்பியிருந்தாலும் அதன் குணம் மாறியிருக்கலாம். முதலில் ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பிடித்து வளரும் தன்மை) இருந்த மார்பகப் புற்றில் இப்போது அது இல்லாமல் போயிருக்கலாம். முன்பு இல்லாத ஹெர்2 (செல்லை வேகமாக வளரவைக்கும் ஒரு புரதம்) இப்போது வந்திருக்கலாம். அதற்கேற்ப மருந்தே மாறும்.

முதல் தடவை தைரியமாக இருந்தேன். இந்தத் தடவை ஏன் இப்படி நொறுங்கிப் போகிறேன்?

முதல் தடவை என்ன வரப்போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. இப்போது எல்லாம் தெரியும். மூன்றாவது நாள் வாயில் வரும் அந்த உலோகச் சுவை, தலையணையில் கொத்துக்கொத்தாக முடி, நரம்பு கிடைக்காமல் நர்ஸ் நாலு இடத்தில் குத்திப் பார்த்தது என்று உடம்பு எதையும் மறக்கவில்லை. அதனால் இது கோழைத்தனம் இல்லை.

அதோடு, முதல் தடவை "ஆறு மாசம் பல்லைக் கடிச்சிட்டு ஓட்டிட்டா முடிஞ்சிரும்" என்று ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு பொய்த்துப் போனதால் கோபம் வரும். டாக்டர் மேல் வரும், கடவுள் மேல் வரும், "உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொன்னவர்கள் மேலெல்லாம் வரும். சொந்தக்காரர்களும் முதல் தடவை வந்ததுபோல் ஓடி வரமாட்டார்கள். அவர்களுக்கும் என்ன சொல்வதென்று தெரிவதில்லை. இந்தத் தனிமைதான் வலியைவிட அதிகமாக வாட்டுகிறது என்று நோயாளிகள் பலரும் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இந்தத் தடவை கொடுக்கப்போகும் மருந்து பழைய மருந்தாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மார்பகப் புற்று திரும்பியவர்களில் பலருக்கு இன்று முடி கொட்டாத மாத்திரையிலேயே சிகிச்சை தொடங்குகிறது. நீங்கள் பயப்படுவது நடந்து முடிந்த சிகிச்சையைப் பார்த்து. வரப்போவது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பயத்தின் அளவு மாறும்.

நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா? பத்தியம் இருக்கவில்லை, மனசில் கவலை வைத்திருந்தேன்…

கவலைப்பட்டதால் கட்டி வருவதில்லை. கோழிக்கறி சாப்பிட்டதாலோ, ஒரு செக்கப் பத்து நாள் தள்ளிப்போனதாலோ வருவதில்லை. ஆபரேஷனுக்கு முன்பே இரத்தத்தில் கலந்து, ஸ்கேனில் தெரியாத அளவு சிறியதாக உறங்கிக் கிடந்த செல்கள் பல ஆண்டு கழித்து விழித்துக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம்.

புது நோயாக இருந்தால் சில காரணங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் மாற்றம் இருந்தால் மறு மார்பிலும் சினைப்பையிலும் வரலாம். லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் குறைபாடு இருக்கும் குடும்பத்தில் பெருங்குடல், கருப்பை இரண்டிலும் வரலாம். முதல் சிகிச்சையின் ரேடியேஷனே பத்து, பதினைந்து ஆண்டு கழித்து அதே இடத்தில் அரிதாகப் புது நோயைக் கிளப்புவதும் உண்டு. இது தெரிந்தால் உங்கள் அக்கா, தங்கை, பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சோதனை செய்யலாம்.

புகையிலை மட்டும் வேறு கதை. வாய்ப்புற்று வந்தவருக்கு வாயில் இன்னொரு இடத்திலோ தொண்டை, உணவுக்குழாய், நுரையீரலிலோ புதிதாக வருவதற்குக் காரணம், அந்த வழி முழுக்கப் புகையிலை பட்டு ஊறியிருப்பதுதான். ஹான்ஸ், பீடி, வெற்றிலையோடு போயிலை எதுவானாலும் இப்போது நிறுத்தினாலும் பலன் உண்டு. ரேடியேஷன் நன்றாக வேலை செய்யும், புண் சீக்கிரம் ஆறும். 1800112356 என்ற கட்டணமில்லா எண்ணில் விடுவதற்கு உதவி கிடைக்கும். வீட்டார் இதைச் சொல்லிக் குத்திக்காட்டினால், அவர் ஒளித்து வைத்துப் போடுவார், அவ்வளவுதான் நடக்கும்.

எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும்? "உடனே அட்மிட் ஆகுங்க" என்கிறார்களே?

மார்பகம், குடல், வாய், கருப்பை போன்ற கட்டிகளில் ஒன்றிலிருந்து மூன்று வாரம் எடுத்து, சோதனைகளை முடித்து, இன்னொரு கருத்தும் கேட்டுவிட்டு முடிவெடுப்பதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. கட்டி வெளியே தெரிய பல மாதம், சில சமயம் பல ஆண்டு ஆகியிருக்கும்.

ஆனால் சில நிலைகளில் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. கடும் இரத்தப் புற்றுநோய் (அக்யூட் லுகேமியா) ஒன்று. முதுகுவலியோடு கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது ஆகியவை முதுகுத்தண்டு நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளம். அன்றே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், தாமதித்தால் காலில் பலம் திரும்ப வராமல் போகலாம். முகமும் கழுத்தும் வீங்கி மூச்சுத் திணறுவதும் அதுபோல. ஏற்கெனவே கீமோவில் இருப்பவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிக் காய்ச்சல் வந்தால், டோலோ போட்டுக்கொண்டு விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

"எனக்கு இரண்டு வாரம் அவகாசம் எடுத்தால் ஆபத்தா?" என்று நேராகக் கேளுங்கள். ஆம், இல்லை என்று பதில் வரும்.

பழைய ஃபைலை ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்?

இரண்டாவது சிகிச்சையின் எல்லையை முதல் சிகிச்சைதான் தீர்மானிக்கிறது. ஃபைல் இல்லாமல் போனால் டாக்டர் ஒன்று பயந்து மருந்தைக் குறைப்பார், அல்லது தெரியாமல் அதிகம் கொடுத்துவிடும் ஆபத்து வரும்.

ஒரு உதாரணம். டிஸ்சார்ஜ் சம்மரியில் "டாக்சோரூபிசின் 60 மி.கி./ச.மீ. × 4" என்று ஒரு வரி இருக்கும். சிவப்பாக இறங்குமே, அந்த மருந்து. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் வீதம் நாலு சுற்று என்று அர்த்தம். நாலு சுற்று என்றால் 240. வாழ்நாள் முழுக்கச் சேர்த்து சுமார் 450 முதல் 550-ஐத் தாண்டினால் இதயத் தசை பலவீனமாகும் ஆபத்து கூடும். 450 என்று எச்சரிக்கையாக வைத்தால் மீதி 210, அதாவது மூன்று சுற்றுக்கு மேல் இடமில்லை. இடது மார்பில் ரேடியேஷன் வாங்கியிருந்தால், இரத்த அழுத்தம் இருந்தால், எல்லையை இன்னும் கீழே வைப்பார்கள். மறுபடி தொடங்கும் முன் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாக வேண்டும். இதே மாதிரி ப்ளியோமைசின் நுரையீரலையும், சிஸ்பிளாட்டின் சிறுநீரகம், காது, விரல் நரம்புகளையும் பாதிக்கும்.

கரண்ட் (ரேடியேஷன்) வைத்த இடமும் அப்படித்தான். கழுத்தில் 33 நாளில் 66 கிரே (ரேடியேஷனை அளக்கும் அலகு) வாங்கியவருக்கு அதே இடத்தில் மறுபடி முழு அளவு கொடுக்க முடியுமா என்பது, முதுகுத்தண்டு நரம்புக்கு முதல் தடவை எவ்வளவு போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த நரம்பு சாதாரணமாகத் தாங்குவது 45 முதல் 50 கிரே வரை. எனவே "ரேடியேஷன் கொடுத்தோம்" என்ற சர்ட்டிஃபிகேட் போதாது. பிளான் கோப்பை சி.டி.யில் கேட்டு வாங்குங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை: முதல் டிஸ்சார்ஜ் சம்மரிகள், பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட்டும், ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 போன்றவற்றைச் சொல்லும் ஐ.எச்.சி. ரிப்போர்ட்டும், ஆபரேஷன் குறிப்பு, ஒவ்வொரு கீமோ சுற்றின் மருந்து அளவு, ரேடியேஷன் விவரம், ஸ்கேன் படங்கள் சி.டி.யாக. முக்கியமாக பாரஃபின் பிளாக். மெழுகில் பதித்த உங்கள் சதைத்துண்டு அது, பத்துப் பைசா அகலம்தான் இருக்கும். நோயியல் துறையில் மனு எழுதிக் கொடுத்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். வெயிலில், கார் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், உருகிவிடும். பல ஆண்டு ஆகிவிட்டால் சில இடங்களில் கிடைக்காமல் போகலாம் என்பதால், நோய் திரும்பியதாகச் சந்தேகம் வந்த அன்றே கேட்டுவிடுங்கள்.

வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்டால், இப்போது பார்ப்பவர் கோபித்துக்கொள்வாரா?

கோபிக்க வேண்டிய விஷயமே இல்லை. "சார், முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு இடத்துலயும் காட்டிட்டு வர்றோம், சம்மரி கொடுங்க" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போய் எல்லா டெஸ்ட்டையும் மறுபடி எடுத்துக் காசை விடுபவர்கள்தான் அதிகம். அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா மருத்துவமனை என்று பல இடங்கள் உள்ளன. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் மூன்று துறை டாக்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் டியூமர் போர்டில் உங்கள் கேஸை வைப்பார்களா என்று கேளுங்கள். திரும்பி வந்த நோய்க்கு ஒரே துறையின் கருத்தோடு நிற்பது சரியில்லை.

இப்படி இன்னொரு கருத்து ஒன்று கேட்டால் போதும். நாலு இடம் அலைந்து நாலு விதமாகக் கேட்டு, முடிவெடுக்கவே முடியாமல் இரண்டு மாதம் போய்விடுவதும் நடக்கிறது.

டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் எல்லாம் மறந்துபோகிறது. என்ன கேட்பது?

இந்த ஐந்தையும் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள்.

1. இந்தச் சிகிச்சையின் நோக்கம் என்ன? முழுசாகக் குணப்படுத்தவா, வளராமல் கட்டுப்படுத்தி வைக்கவா, வலியையும் தொந்தரவையும் குறைக்கவா?
2. "பலன் தரும்" என்றால் எந்தப் பலன்? ஸ்கேனில் கட்டி சுருங்குவதா, ஆயுள் நீள்வதா, நான் நன்றாக உணர்வதா?
3. எத்தனை சுற்றுக்குப் பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்? சரிப்படவில்லை என்றால் அப்போது நிறுத்துவோமா?
4. எதுவும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும்?
5. இதற்காக வாரத்தில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருப்பேன்?

இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலான குழப்பம். "நூற்றுக்கு நாற்பது பேருக்கு ரெஸ்பான்ஸ் இருக்கும்" என்று டாக்டர் சொன்னால், வீட்டார் காதில் "நாற்பது பேர் பிழைப்பார்கள்" என்று விழுகிறது. அவர் சொன்னது கட்டி சுருங்குவதைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல.

முடிவெடுக்கத் திணறினால் "இரண்டு அல்லது மூன்று சுற்று மட்டும் எடுத்துப் பார்க்கிறேன், அதன் பிறகு ஸ்கேனையும் என் உடம்பையும் பார்த்துத் தொடர்வதா என்று பேசுவோம்" என்று சொல்லலாம். பலருக்கு இது மூச்சுவிட இடம் தருகிறது. டாக்டர் பேசுவதை அனுமதி கேட்டு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அம்மாவிடம் "சும்மா நீர்க்கட்டி" என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால் தாங்குவாரா?

அவருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். அதே வார்டு, அதே ஊசி, அதே கொட்டும் முடி. நீங்கள் அழுவீர்கள் என்று அவர் தெரியாததுபோல் இருக்கிறார், அவர் உடைந்துவிடுவார் என்று நீங்கள் மறைக்கிறீர்கள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக அழுகிறீர்கள். இதனால் அவர் நிலத்தைப் பற்றி, நகையைப் பற்றி, பேத்தி கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியாமல் போகிறது. சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் உரிமையும் பறிபோகிறது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. "ஒடம்புக்கு என்னன்னு நீ என்னம்மா நினைக்கிற?" என்று தொடங்குங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். "ரிப்போர்ட்ல என்ன வந்திருக்குன்னு சொல்லட்டுமா, இல்ல டாக்டர் எங்ககிட்ட பேசிக்கட்டுமா?" என்று அடுத்துக் கேளுங்கள். "நீங்களே பாத்துக்கங்க" என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவு, அதை மதிக்கலாம். கேட்காமலே மறைப்பதுதான் தவறு.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நோயின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். "அம்மாவுக்கு மறுபடி கேன்சர் வந்திருக்கு, மருந்து எடுக்கப் போறேன், முடி கொட்டும், நீ செஞ்ச எதனாலயும் இது வரல, தொட்டா ஒட்டாது." இந்த ஐந்து விஷயமும் போய்ச்சேர்ந்தால் போதும். பள்ளிக்கு யார் கூட்டிப்போவார்கள் என்பதுதான் அதற்கு அடுத்த கேள்வியாக வரும். அதற்கும் பதிலைத் தயாராக வையுங்கள். வகுப்பு டீச்சரிடமும் சொல்லிவிடுங்கள்.

இனி கீமோவே வேண்டாம் என்று சொன்னால் தற்கொலைக்குச் சமமா?

இல்லை. குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறதா, கட்டுப்படுத்த மட்டும்தானா என்று தெரிந்துகொண்ட பிறகு வேண்டாம் என்று சொல்வது உங்கள் உரிமை. ஆனால் எந்த மனநிலையில் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். வாந்திக்கும் வலிக்கும் பயந்து சொல்கிறீர்கள் என்றால் அதை முதலில் சரிசெய்ய வழி உண்டு. மனச்சோர்வில் சொல்கிறீர்கள் என்றால் அதற்கும் மருந்து உண்டு. அந்த இரண்டையும் கவனித்த பிறகும் அதே முடிவு என்றால், அது யோசித்து எடுத்த முடிவு.

பாலியேட்டிவ் கேர் (வலியையும் தொந்தரவையும் குறைக்கும் கவனிப்பு) என்றதும் "கைவிட்டுட்டாங்க" என்று அழுபவர்கள் நிறைய. அந்தப் பிரிவை சிகிச்சை தொடங்கும் நாளிலேயே பார்க்கலாம், கீமோவோடு சேர்ந்தே நடக்கும். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆரம்பத்திலேயே இந்தக் கவனிப்பைப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, அவர்கள் சராசரியாகக் கூடுதல் நாள் வாழவும் செய்தார்கள். டாக்டர் அளவு சொல்லிக் கொடுக்கும் மார்ஃபின் ஆளைக் கொல்லாது. ஆனால் மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், எனவே முதல் நாளிலிருந்தே பேதி மருந்தைச் சேர்த்துக் கேளுங்கள். தமிழ்நாட்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ்களும் உண்டு.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்பிரிட் வாசனை பட்டாலே குமட்டுகிறது. இன்னும் ஊசியே போடவில்லை!

முதல் தடவை வாந்தியை மூளை அந்த வாசனையோடு முடிச்சுப் போட்டுவிட்டது. வழக்கமான வாந்தி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. முந்தின இரவும் காலையும் பதற்றத்தைக் குறைக்கும் லோராசெபாம் சிறிய அளவில் கொடுப்பார்கள். இரவில் ஓலன்சபைன் 2.5 அல்லது 5 மி.கி. நன்றாக வேலை செய்கிறது. முதல் கீமோவுக்கு முன்பே "போன தடவை எனக்கு வாந்தி கட்டுப்படவே இல்லை" என்று சொல்லுங்கள். முதல் சுற்றிலேயே வாந்தி வராமல் பார்த்துக்கொள்வதுதான் இதற்கு நல்ல மருந்து.

கீமோ நாளில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த சாப்பாட்டைச் சாப்பிடாதீர்கள், பிறகு அதன்மேலும் வெறுப்பு வந்துவிடும். நரம்பு கிடைக்காதவர்கள் காரை எலும்புக்கு (காலர் எலும்பு) கீழே, தோலுக்கு அடியில் வைக்கும் கீமோ போர்ட் என்ற சிறு கருவியைப் பற்றிக் கேளுங்கள். ஒருமுறை வைத்தால் குத்திக் குத்தித் தேட வேண்டியதில்லை.

முன்பு வாங்கிய மருந்தே மறுபடி இறங்கினாலும் அசட்டையாக இருக்க வேண்டாம். கார்போபிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் பெரும்பாலும் இரண்டாவது தடவை கொடுக்கும்போதுதான் அலர்ஜி தரும். உள்ளங்கை அரித்தால், முகம் சூடேறினால், நெஞ்சு இறுக்கினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இது துக்கமா, மனச்சோர்வு நோயா?

துக்கம் அலை மாதிரி வரும், போகும். நடுவில் பேரன் பேச்சுக்குச் சிரிப்பீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க எதிலும் ஒட்டாமல், விடியற்காலை 3 மணிக்கு விழித்துக்கொண்டு, "நான் பாரம்" என்ற எண்ணமே ஓடினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன் இரண்டு இரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை). கழுத்தில் ரேடியேஷன் வாங்கியவர்களுக்குத் தைராய்டு குறைந்து, பார்க்க மனச்சோர்வு போலவே இருக்கும். கீமோவோடு தரும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், நிறுத்தியதும் மனசு பொத்தென்று விழும். டாக்டர் சம்மதித்தால் அதைக் காலையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

மனச்சோர்வு மாத்திரை தொடங்கினால் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். நாலே நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மார்பகப் புற்றுக்கான டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மனநல மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் பராக்செட்டின், ஃப்ளூவாக்செட்டின் இரண்டும் டமாக்சிஃபெனின் வேலையைக் குறைக்கும், வேறு மாத்திரைகள் இருக்கின்றன.

செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்தால் இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104-லும் பேசலாம். வீட்டார் வலி மாத்திரைகளைப் பூட்டி வைத்து வேளைக்கு வேளை எடுத்துக் கொடுங்கள்.

நாட்டு மருந்து சேர்த்து எடுக்கலாமா?

கீமோ நடக்கும்போது வேண்டாம். கல்லீரல் ரிப்போர்ட் ஏறினால் எதனால் ஏறியது என்று தெரியாமல் கீமோவையே தள்ளிப்போட வேண்டிவரும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், திட்டு விழுமே என்று மறைக்காதீர்கள்.

முதல் தடவையே நகையெல்லாம் போய்விட்டது. இப்போது பணத்துக்கு என்ன செய்வது?

இதைப் பேசக் கூச்சப்பட்டுத்தான் பலர் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எந்தச் சிகிச்சை பேக்கேஜில் வருகிறது என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள், ஒப்புதல் வந்த பிறகே தொடங்குங்கள். எல்லாப் புது மருந்துகளும் அதில் வராது. டாக்டர் விலை உயர்ந்த மருந்தைச் சொன்னால், "இதே வேலையைச் செய்யும் குறைந்த விலை மருந்து இருக்கிறதா, இதனால் எத்தனை மாதம் கூடுதலாகக் கிடைக்கும்" என்று கேட்பது கஞ்சத்தனம் ஆகாது. ரயிலில் சிகிச்சைக்குப் போகும்போது ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுச் சலுகையும் துணைக்கு வருபவருக்கு 75 சதவீதமும் உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்க வேண்டும்.

கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கு?

ஒரே ஆள் எல்லாவற்றையும் சுமக்காமல் பிரித்துக்கொள்ளுங்கள். ஃபைலும் டாக்டரும் ஒருவர், சாப்பாடு ஒருவர், போனில் விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒருவர். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பவரிடம் "செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நாலு மணி நேரம் வந்து உட்காருங்க" என்று குறிப்பாகக் கேளுங்கள். உங்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ரிப்போர்ட் வரும்வரை தூக்கமே வருவதில்லை.

ஸ்கேன் எடுக்கும் நாளுக்கும் டாக்டரைப் பார்க்கும் நாளுக்கும் நடுவே இடைவெளி குறைவாக இருக்கும்படி தேதி கேளுங்கள். ரிப்போர்ட் முதலில் போனுக்கு வந்துவிட்டால், இரவு பதினோரு மணிக்குத் தனியாகத் திறந்து படிக்காதீர்கள். அதிலிருக்கும் "சந்தேகத்துக்குரியது", "ஒப்பிட்டுப் பார்க்கவும்" போன்ற சொற்கள் டாக்டருக்கானவை. கூட ஒருவர் இருக்கும்போது திறந்து பாருங்கள், அல்லது பிள்ளையிடம் கொடுத்து வைத்து, காலையில் டாக்டர் அறையில் சேர்ந்தே பாருங்கள்.